மியூசியத்துக்குக் காசு இல்லையாம்! நாம் என்ன கேட்கலாம்?



உள்கடன், வங்கி இணைப்பு, கணக்குப் புத்தகம் என்றுதான் நமது பாடப் பக்கம் வழக்கமாக இருக்கும். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. அரசாங்கமோ நகராட்சியோ மக்களுக்காக நடத்தும் ஒரு பொது இடம் இருக்கிறது. அருங்காட்சியகமாக இருக்கலாம், நூலகமாகவோ ஒரு நினைவு இல்லமாகவோ இருக்கலாம். "இதுக்கு இனிமே பணம் ஒதுக்க முடியாது" என்று சொன்னால் ஊர் மக்கள் என்ன செய்வது? இதுதான் பாடம்.

உடனே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "குழாயில தண்ணி கலங்கலா வருது, மழை பெஞ்சா தெரு முழுக்க சாக்கடை, இதுல மியூசியத்துக்குப் போராடணுமா?" நியாயமான கேள்விதான். தண்ணீரா மியூசியமா என்றால் தண்ணீர்தான் முதலில். ஆனால் மியூசியத்தில் மிச்சம் பிடித்த காசு நம்ம தெருக் குழாய்க்கு வந்து சேருமா? அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு பொது இடத்துக்கு எப்படிப் பணம் வருகிறது, எப்படி நின்று போகிறது என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு அங்கன்வாடிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் அதே வழியில் கேட்கலாம். நம்ம புதுச்சேரியில் ரேஷன் கடைகள் பல வருஷம் மூடிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன. மூடிய ஒன்றைத் திறக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அரிசிக்குக் காத்திருந்த நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் மியூசியத்தை மூடப் போகிறார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி யாரும் வதந்தி கிளப்ப வேண்டாம். தீ பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது, அதனால் முன்னாலேயே படிக்கிறோம், அவ்வளவுதான்.

அரிக்கமேட்டு மணி யாருடையது?

பாரதி பூங்கா பக்கத்தில், செயின்ட் லூயி தெருவில் புதுச்சேரி அருங்காட்சியகம் இருக்கிறது. நம்மில் நிறைய பேர் பூங்காவில் சுண்டல் சாப்பிட்டிருப்போம், கவர்னர் மாளிகையை வேடிக்கை பார்த்திருப்போம், ஆனால் மியூசியத்துக்குள் போயிருக்க மாட்டோம். சென்னையில் அந்தக் காலத்து ஜனங்கள் எழும்பூர் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொல்வார்களாம். செத்த காலேஜில் நமக்கு என்ன வேலை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? பழங்காலக் கல் சிலைகள், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்திய மேஜை, நாற்காலி, கட்டில், ஆள் வைத்துத் தள்ளிப்போன "புஸ் புஸ்" வண்டி. இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப்படுவது அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு, சுமார் 2000 வருஷத்துக்கு முன் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறைமுகம். அங்கே கண்ணாடியிலும் கல்லிலும் பாசிமணி செய்திருக்கிறார்கள். நாம் இப்போது கோர்த்து விற்கும் மணி மாதிரி சின்னச் சின்ன மணிகள்தான், அவை கடல் கடந்து போயிருக்கின்றன.

இந்த இடம் எப்படி வெளியே தெரிந்தது தெரியுமா? ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளை 1930-களில் துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பெரிய ஆட்கள் வந்தார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் முறையாக அகழாய்வு செய்தார். பிறகு 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். கிடைத்த பொருட்களில் சில பாரிசு வரை போய்விட்டன. நம்மிடம் மிச்சம் இருப்பது இந்த மியூசியத்தில் இருப்பதுதான். பொறுக்கியது நம்ம ஊர்ப் பிள்ளைகள். அதைப் பார்க்க நம்ம பிள்ளைக்கு வழி இல்லை என்றால் எப்படி?

பராமரிப்புக்குப் பணம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். கடற்கரைச் சாலையில் நம்ம மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. 140 வருஷத்துக்கு மேல் நின்ற கட்டடம். உலக வங்கி உதவியுடன் சுமார் 15 கோடி ரூபாயில் அதே மாதிரி மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கட்டடம் அழகாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் வருஷா வருஷம் ஓட்டை அடைக்கவும் மரம் மாற்றவும் ஆகும் செலவையும் இந்த 15 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூரை ஓடு உடைந்ததும் மாற்றுகிற வீட்டுக்கும், சுவர் சாயும் வரை விடுகிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

பூட்டுப் போடாமலே மூடுவது

நிதி வெட்டு என்றால் "இன்றோடு மூடப்படுகிறது" என்று போர்டு மாட்டுவார்கள் என நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் ஓய்வு பெற்ற ஊழியரின் இடத்தில் ஆள் போட மாட்டார்கள். ஆள் இல்லாததால் ஒரு அறையைப் பூட்டுவார்கள். அடுத்து திறக்கும் நேரம் குறையும். மின்விசிறி ஓடாது, கழிப்பறை பூட்டியிருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டி வந்து அவஸ்தைப்பட்டு, மறுவருஷம் வர மாட்டார். கடைசியில் "ஜனங்க யாரும் வர்றதில்ல, இதுக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்பார்கள். வராமல் செய்தது யார் என்பது அந்தக் கணக்கில் வராது.

இந்த மாதிரி பட்டினி போடுவது ஒரு விதம். கட்டடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது இன்னொரு விதம். உள்ளே இருக்கிற பொருளை வேறு ஊருக்குக் கொண்டுபோவது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று நிஜக் கதைகள் இருக்கின்றன.

கீழடியில் நடந்தது

மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. தென்னந்தோப்புக்குள் இருந்த மேட்டில் 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. தலைமை தாங்கியவர் அமர்நாத் ராமகிருஷ்ணன். செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், மணிகள் எல்லாம் வந்தன. கூலிக்கு மண் அள்ளியவர்களில் சுற்று வட்டாரப் பெண்கள் நிறைய. பத்திரிகையில் படம் வந்தால் முன்னால் அதிகாரி நிற்பார், பின்னால் கூடையோடு நம்ம பெண்கள் நிற்பார்கள்.

இரண்டு கட்டம் முடிந்ததும் சிக்கல் வந்தது. மூன்றாவது கட்டத்துக்கு அனுமதியும் பணமும் தாமதமாயின. 2017-இல் அமர்நாத் ராமகிருஷ்ணனை அசாமுக்கு மாற்றினார்கள். கிடைத்த பொருட்களை மைசூருக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு வந்தது. அப்போது கனிமொழி மதி என்ற பெண் வழக்கறிஞர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டிருந்தார். பொருட்களை ஊரை விட்டு எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே அருங்காட்சியகம் வேண்டும் என்பது கோரிக்கை. நீதிமன்றம் பொருட்களைக் கொண்டுபோவதைத் தடுத்தது. எழுத்தாளர்கள் எழுதினார்கள், மாணவர்கள் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் குழியைப் பார்க்க வந்தார்கள். என்னைக் கேட்டால், வழக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தக் கூட்டம். ஜனங்கள் வந்து பார்க்கும் இடத்தைச் சத்தமில்லாமல் மூட முடியாது.

2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை வேலையைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 5 அன்று கீழடியிலேயே அருங்காட்சியகம் திறந்தது. கேட்க ஆரம்பித்ததில் இருந்து திறப்பு விழா வரைக்கும் கணக்குப் போட்டால் ஆறேழு வருஷம். நமது குழுவில் ஒரு மனு கொடுத்துவிட்டு மூன்றாம் வாரமே "ஒண்ணும் நடக்கலியே" என்று சோர்ந்துபோகிறோம், அதற்காகத்தான் வருஷத்தைச் சொன்னேன்.

சென்னை நூலகம்: பூட்டு விழவில்லை, ஆனாலும்...

இரண்டாவது கதை மியூசியம் இல்லை, நூலகம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்டது. எட்டு ஏக்கர் இடம், 12 லட்சம் புத்தகம் வைக்கக்கூடிய கட்டடம், பார்வையற்றவர்களுக்குத் தனிப் பிரிவு, குழந்தைகளுக்குத் தனித் தளம். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. 2011 நவம்பர் 2 அன்று, நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவோம் என்று அரசு அறிவித்தது.

இந்த அறிவிப்பைக் கவனியுங்கள் தோழிகளே. குழந்தைகள் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு நல்லதை எடுக்கும்போது இன்னொரு நல்லதை எதிரே நிறுத்துவார்கள். எதிர்த்தவர்கள் இந்த வலையில் விழவில்லை. "ஆஸ்பத்திரியும் கட்டுங்க, அதுக்கு வேற இடம் பாருங்க. மக்கள் வரிப்பணத்துல நூலகத்துக்குன்னே கட்டினதை ஏன் கலைக்கிறீங்க?" என்றுதான் கேட்டார்கள். எழுத்தாளர்களும் மாணவர்களும் போராடினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வழக்கும் போனது. நவம்பர் 4-ஆம் தேதியே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. இரண்டே நாள்!

கதை இத்துடன் முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். கட்டடம் பிழைத்தது, ஆனால் கவனிப்பு நின்றது. புதுப் புத்தகம் வாங்குவது, காலி இடத்துக்கு ஆள் போடுவது, பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வருஷக்கணக்கில் நீதிமன்றம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. நூலக அரங்கத்தைக் கல்யாண வரவேற்புக்கு விட்டதுகூட வழக்கானது. "மூட மாட்டோம்" என்று வாங்கிய உத்தரவு பாதி வெற்றிதான். "இந்த வருஷம் இவ்வளவு பணம், இவ்வளவு ஆள்" என்று காகிதத்தில் வாங்கினால்தான் மீதி.

கடல் தாண்டி ஒரு மில்

மூன்றாவது கதை இங்கிலாந்தில். லங்காஷயர் என்ற பகுதி ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்த இடம். நம்ம நாட்டுக் கைத்தறிக்காரர்கள் வயிற்றில் அடித்ததும் அந்தத் துணிதான், அது தனிக் கதை. அங்கே பர்ன்லி என்ற ஊரில் குயின் ஸ்ட்ரீட் மில் என்று ஒரு நெசவாலை. நீராவி இயந்திரத்தால் ஓடும் தறிக்கூடம் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். 1982-இல் உற்பத்தி நின்று, பிறகு அருங்காட்சியகமாக ஆக்கி, முந்நூறு தறிகளோடு வைத்திருந்தார்கள்.

2015-இல் அந்த ஊர்க் கவுன்சில் பணம் போதவில்லை என்று ஐந்து அருங்காட்சியகங்களுக்கு நிதியை நிறுத்த முடிவு எடுத்தது. மேலே இருந்து வரும் நிதி குறைந்துவிட்டது, வயதானவர்கள் பராமரிப்பு மாதிரி கட்டாயச் செலவு ஏறிவிட்டது, எங்கே வெட்டுவது என்று பார்த்தார்கள். அங்கே நூலகம் நடத்துவது கவுன்சிலின் சட்டக் கடமை. அருங்காட்சியகம் அப்படி இல்லை, விருப்பம் இருந்தால் நடத்தலாம். அதனால் கத்தி முதலில் மியூசியத்தின் மேல் விழும். 2016 செப்டம்பர் 30 அன்று மில் பூட்டப்பட்டது.

அங்கே நெய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. மனு போட்டார்கள், மியூசியத்துக்கு நண்பர்கள் குழு என்று வைத்துத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2017 மே மாதம் கவுன்சில் தேர்தல் வந்தது, நிர்வாகம் மாறியது. 2018-இல் குயின் ஸ்ட்ரீட் மில்லும் பக்கத்தில் ஹெல்ம்ஷோர் என்ற இன்னொரு பஞ்சாலை மியூசியமும் மறுபடி திறந்தன. முழுசாக இல்லை, வருஷத்தில் சில மாதம், வாரத்தில் சில நாள். ஃப்ளீட்வுட் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் மியூசியத்தை ஊர்க்காரர்களே ஒரு அறக்கட்டளை வைத்து ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தும் ஒரே மாதிரி பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம மில் ஞாபகம்தான் வந்தது. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஏ.எஃப்.டி. மில் 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்டது. சவானா மில் போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் நம்ம குழுக்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் பழைய போட்டோவையும் அடையாள அட்டையையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே யாரிடம் கேட்பது?

லங்காஷயரில் தேர்தலில் பதில் சொன்னார்கள். நமக்கு அந்த வசதி குறைவு. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நடக்காமல் நின்றுபோனது. உழவர்கரை நகராட்சியில் கவுன்சிலர் என்று வாசலில் போய் நிற்க ஒரு ஆள் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையில் நகராட்சிக்கு உரிய 18 பொறுப்புகள் இருக்கின்றன. அதில் 13-வது, பண்பாடு, கல்வி, அழகியல் வளர்ச்சி. குப்பையும் தெருவிளக்கும் மட்டும் நகராட்சி வேலை இல்லை.

இருந்தாலும் புதுச்சேரி அருங்காட்சியகம் நகராட்சிக்குக் கீழே இல்லை, அரசின் கலை பண்பாட்டுத் துறைக்குக் கீழே இருக்கிறது. அதன் பணம் சட்டமன்றத்தில் பட்ஜெட்டில் வருகிறது. எனவே நமக்கு வாசல் எம்.எல்.ஏ.தான். உழவர்கரை, கதிர்காமம், இந்திரா நகர், தட்டாஞ்சாவடி, காமராஜ் நகர், லாஸ்பேட்டை, காலாப்பட்டு என்று நம்ம பக்கத்திலேயே எத்தனை தொகுதிகள்! நமது குழுக்கள் எல்லாவற்றிலும் பரவி இருக்கின்றன. சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மொத்தமே 30 பேர். துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இரண்டு பேர் எழுந்து கேட்டாலே அதிகாரிகள் ஃபைலைத் தேடுவார்கள். ஆனால் பட்ஜெட் வாசித்த பிறகு போய்க் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பட்ஜெட் தயாராகும்போதே, இரண்டு மூன்று மாதம் முன்னால் மனு கையில் இருக்க வேண்டும்.

மனுவுக்கு முன்னால் கணக்கு வேண்டும். குழுவில் "யாரோ சொன்னாங்க" என்று யாருக்கும் கடன் கொடுப்போமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்கு இதற்குத்தான். ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை, அட்டை நகல் வைத்தால் போதும். பணத்தை எப்படிக் கட்டுவது என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுத உதவுவது அதிகாரியின் கடமை. ஒரு விஷயம் முக்கியம்: கூட்டமைப்பின் லெட்டர் பேடில் போடாதீர்கள். இந்தச் சட்டம் குடிமக்களுக்குக் கொடுத்த உரிமை, அதனால் ஒரு உறுப்பினர் தன் பெயரில் போட வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் டில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்.

என்ன கேட்பது? "மியூசியத்தைப் பற்றிய எல்லா விவரமும் தரவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. இப்படிக் கேளுங்கள்: கடந்த ஐந்து நிதியாண்டுகளில் அருங்காட்சியகத்துக்குப் பட்ஜெட் மதிப்பீடு எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு? அதில் சம்பளம் போகப் பராமரிப்புக்கு எவ்வளவு? அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? மாதவாரியாக எத்தனை பேர் பார்க்க வந்தார்கள்? எத்தனை நாள் திறந்திருந்தது? ஊழியர் பெயர், சொந்த விவரம் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

அந்த மூன்று மதிப்பீட்டுச் சொற்கள் பயமுறுத்த வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு உறுப்பினருக்கு 10,000 ரூபாய் கடன் என்று எழுதுகிறோம். அது பட்ஜெட் மதிப்பீடு. சேமிப்பு குறைவாக வந்தது, 7,000 தான் தரலாம் என்று பாதியில் மாற்றுகிறோம். அது திருத்திய மதிப்பீடு. கடைசியில் அவர் கைக்குப் போனது 4,000. அதுதான் உண்மைச் செலவு. மேடையில் சொல்வது முதல் எண், மியூசியத்துக்குப் போய்ச் சேருவது மூன்றாவது எண். நிதி வெட்டு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். மொத்தத் தொகை குறையாமல் இருந்தால்கூட, அத்தனையும் சம்பளத்துக்கே போய்ப் பராமரிப்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

பதில் வந்ததும் மனுவில் ஒரே ஒரு கோரிக்கை, அதிகபட்சம் இரண்டு. "பண்பாட்டைக் காப்பாற்றுங்கள்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் செய்ய மாட்டார்கள். "காலியாக உள்ள இத்தனை இடங்களை இந்த நிதியாண்டுக்குள் நிரப்ப வேண்டும்" என்று எழுதினால் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். கையெழுத்துத் தாளில் பெயர், பகுதி, கையெழுத்து மட்டும் வாங்குங்கள். ஆதார் நம்பரும் போன் நம்பரும் வாங்கினால் அந்தத் தாள் யார் கையில் போகும் என்று நமக்குத் தெரியாது. மனு கொடுத்ததும் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது. எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.விடமும் கொடுங்கள், ஒரு கட்சிக் கொடியின் கீழே மட்டும் போய் நின்றால் ஆட்சி மாறும்போது நமது கோரிக்கையும் குப்பைக்குப் போகும். அண்ணா நூலகத்தில் பார்த்தோமே.

மியூசியத்தில் இருக்கும் ஊழியர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பூட்டிய அறைக்கு அவர் காரணம் இல்லை. எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தப் பெட்டிக்கு விளக்கு இல்லை என்று சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

எனக்குப் பயமாக இருக்கும் ஒரு இடம் உண்டு. நாம் போய்க் கேட்டால், "நல்லது அம்மா, உங்க குழுப் பெண்களே வந்து பெருக்கி, டிக்கெட் கிழிச்சு, காவல் இருங்க, சேவையா செய்யுங்க" என்று திரும்பி வரலாம். ஃப்ளீட்வுட் ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அது அவர்கள் சூழ்நிலை. பென்ஷன் வாங்கும் ஆட்கள் அங்கே தொண்டு செய்ய முடியும். நமக்கு ஒரு நாள் வேலை போனால் தவணை நிற்கும். கணக்கெடுப்பில் இருந்து கொசு ஒழிப்பு வரை ஏற்கனவே எத்தனையோ வேலை சொற்பக் காசுக்கு நம்ம தலையில். சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டிய இடத்தில் இலவசமாக நாம் போய் நின்றால், அந்தப் பணியிடம் நிரந்தரமாகக் காலியாகும், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வேலை போகும். "உதவுகிறோம், ஆனால் ஊழியருக்குப் பதிலாக நிற்க மாட்டோம்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாக வாசலில் ஒரு விற்பனை இடம் கேளுங்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. மணி கோர்க்கும் குழுக்கள் நம்மிடமே இருக்கின்றன. அரிக்கமேட்டு மணியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் மணிமாலை வாங்காமலா போவார்? வாடகையும் பங்கும் எழுத்தில் இருக்கட்டும்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துவிட்டு, உங்கள் குழுவில் எத்தனை பேர் அந்த மியூசியத்துக்குள் போயிருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பகுதிவாரியாக ஒரு நாள் பிள்ளைகளோடு போய் வரலாம். விடுமுறை நாளும் நேரமும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், டிக்கெட் வாங்குங்கள், வருகைப் பதிவேடு இருந்தால் ஒவ்வொருவரும் பெயர் எழுதுங்கள். "ஆள் வரல" என்று யாராவது சொன்னால் காட்ட நம்மிடம் அந்தப் பக்கம் இருக்கும். தகவல் மனு போட முன்வரும் உறுப்பினர்கள் பெயரைப் பகுதிப் பிரதிநிதியிடம் கொடுங்கள். மாதிரி மனுவை அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் எழுதி எடுத்து வருகிறேன்.